வெண்ணெய் டிரிகர்

ஸ்பிரிங் பறந்ததை வெண்டல் கிரப் பார்த்தார். அது எங்கே போய் விழுந்தது என்பதையும் பார்த்தார். பார்க்காமல் இருந்திருந்தால் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடியாவது மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

சமையலறை மேசையின் ஒரு பக்கத்தில் அவருடைய பிஸ்டல், பாகம் பாகமாகக் கழற்றப்பட்டுப் பழைய துண்டின் மேல் கிடந்தது. மறுபக்கத்தில், மறுநாள் சர்ச் விருந்துக்காக அவர் மனைவி லூரீன் செய்துவைத்த உருளைக்கிழங்கு சாலட், பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில். நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். விரல் நகத்தளவு ஸ்பிரிங் அந்த ஒரு சாணை ஒரே தாவலில் தாண்டி, முட்டையும் மயோனைஸும் மசிந்துகிடந்த மஞ்சள் குழைவுக்குள் சத்தமே இல்லாமல் இறங்கிவிட்டது.

லூரீன் பின்வாசலில் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு தங்கையின் மருமகளைப் பற்றி என்பதால் இப்போதைக்கு முடியாது. அந்த மருமகளை வெண்டல் மனசார வாழ்த்தினார்.

மெஸ்கீட் பெண்ட் ஊரில் துப்பாக்கி வைத்திருப்பது பெரிய விஷயமில்லை. டெக்சாஸில் பல் துலக்கும் பிரஷ் மாதிரி அது வீட்டுக்கு நாலு இருக்கும். சர்ச்சின் காவல் குழுவில் இருப்பதுதான் பெரிய விஷயம். மொத்தமே ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சுடுகிற ஜூலையிலும் கோட்டு போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் வரிசையாக உட்காருவார்கள். கோட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். பயிர் இன்ஷூரன்ஸ் விற்கிற வெண்டல், அந்த பெஞ்சைப் பார்த்து ஏங்கியபடி வருஷக் கணக்காகக் கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சுக் கொடி ஆட்டியவர். போன மாதம்தான் ஒருவர் ஹூஸ்டனுக்குக் குடிபோக, ஆறாவது இடம் வெண்டலுக்குக் கிடைத்தது. அதுவும் தற்காலிகமாக. நாளை விருந்தில்தான் குழுத் தலைவர் பர்டெட் அதை நிரந்தரம் என்று அறிவிக்க வேண்டும்.

அதற்கு முட்டுக்கட்டையாக இருந்தது அவருடைய டிரிகர்.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை மத்தியானம், ஏசி மெக்கானிக் ஸ்கீட்டரின் பட்டறைக்குப் பின்னால் கூடுவார்கள். தோட்டாக்களை எடுத்துவிட்டு, காலியா என்று இரண்டு பேர் சரிபார்த்த பிறகு, ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் வாங்கி டிரிகரை அமுக்கிப் பார்ப்பார்கள். உண்மையாகச் சுடுவது கிடையாது. சுட்டுப் பழகுகிற மைதானத்தில் இப்போது சோலார் பலகைகள் நிற்கின்றன, தோட்டா விலையும் ஏறிவிட்டது. தவிர, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பர்டெட்டின் சித்தாந்தம் வேறு. சுடத் தெரிந்தவன் ஊரில் ஆயிரம் பேர், டிரிகரைத் தெரிந்தவன்தான் ஆள் என்பார். அதனால் எல்லாரும் வீட்டில் டிரிகரைக் கழற்றி மாற்றி, தேய்த்து மெருகேற்றி, டிவியில் வானிலை சொல்கிறவரைக் குறிபார்த்து காலித் துப்பாக்கியால் 'டிக், டிக்' என்று பயிற்சி செய்தார்கள்.

மற்ற ஐந்து பேருடைய டிரிகரும் வெண்ணெய் மாதிரி இருந்தது. விரலை வைத்தால் போதும், வழுக்கிக்கொண்டு போகும். வெண்டலுடையது கடையில் வாங்கியபடியே முரண்டு பிடித்தது. போன சனிக்கிழமை அதை அமுக்கிப் பார்த்த பர்டெட், முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா வெண்டல், இது டிரிகரா, லாரி ஹேண்ட் பிரேக்கா?"

ஐந்து பேரும் சிரித்தார்கள். வெண்டலும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. மறுநாளே தபாலில் புது டிரிகருக்கு ஆர்டர் கொடுத்தார். மாட்டுவது கஷ்டமா என்று ஸ்கீட்டரைக் கேட்டபோது அவன் அலட்சியமாகக் கையை வீசினான்.

"பிரிச்சுப் போட்டு மாட்டறதுதானே. கடைசில ஒரு சாமான் மிச்சம் நின்னா பயப்படாதீங்க. கம்பெனிக்காரன் கூடுதலா வெச்சிருக்கான்னு அர்த்தம்."

அவன் மாட்டிய ஏசிகளைப் பற்றி அப்போதே வெண்டலுக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

இப்போது மிச்சம் நிற்கவில்லை, குறைகிறது. முதலில் முள்கரண்டியால் சாலட்டைக் கிளறினார். அகப்படவில்லை. பெரிய கரண்டியால் அடிவரை புரட்டினார். கொஞ்சம் எடுத்து வாயில் போட்டு, நாக்கால் துழாவிப் பார்த்து விழுங்கினார். இப்படி முழுக் கிண்ணத்தையும் தின்று தீர்க்க முடியாது என்பது நாலாவது வாயில் புரிந்தது. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஆர்மடில்லோ காந்தம். பச்சை பிளாஸ்டிக்கில் செய்த எறும்புதின்னி போன்ற அந்தப் பிராணியை நன்றாகக் கழுவி, சாலட்டுக்குள் முக்கி, மூலை மூலையாக நடத்திக் கூட்டிப்போனார்.

வெளியே எடுத்தபோது ஸ்பிரிங் ஒட்டியிருக்கவில்லை. ஆர்மடில்லோவின் வாலையும் காணவில்லை.

சாலட்டுக்குள் இருக்கக்கூடாத சாமான் இதுவரை ஒன்று. இப்போது இரண்டு.

"என்ன பண்றே கண்ணு?"

லூரீன் கதவருகே நின்றாள். வெண்டல் ஆர்மடில்லோவைச் சட்டைப் பைக்குள் போட்டார். மயோனைஸோடுதான். கையில் கரண்டி இருந்தது நல்லதாகப் போயிற்று.

"கிளறிக் குடுக்கலாம்னு பார்த்தேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு முட்டையைக்கூட உரித்துக் கொடுத்ததில்லை. லூரீன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. கிண்ணத்தை எட்டிப் பார்த்து, நல்லா மசிஞ்சிடுச்சு, பரவாயில்லை என்று சொல்லி, மேலே இன்னும் இரண்டு முட்டையை நறுக்கிப் போட்டு, மூடி, பிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அதோடு மறுபடி பின்வாசலுக்குப் போய்த் தங்கைக்குப் போன் செய்தாள். இந்தத் தடவை பேச்சு வெண்டலைப் பற்றி.

அவர் படுக்கையறைக்கு ஓடினார். பட்டறைக்குப் போக வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. புது ஸ்பிரிங் வர புதன்கிழமை ஆகும். வேறு துப்பாக்கியை எடுத்துப்போனால் என்ன?

இழுப்பறையில் இரண்டு இருந்தன. ஒன்று மாமனார் விட்டுப்போன ரிவால்வர். அந்தக் காலத்து ஆட்கள் எதையும் கஞ்சத்தனமாகச் செய்யமாட்டார்கள். அதை இடுப்பு உறையில் செருகிக்கொண்டு, பாட்டு நேரத்தில் செய்வதுபோல் இரண்டு கையையும் உயர்த்திப் பார்த்தார். கை மேலே போனது, பேன்ட் கீழே போனது. இரண்டாவது, எங்கே வேண்டுமானாலும் மறைத்து வைக்கலாம் என்று கடைக்காரன் தலையில் கட்டிய குட்டிப் பிஸ்டல். சட்டைப் பையிலேயே அடங்கும். ஆனால் அவருடைய தடித்த விரல் டிரிகருக்குள் பாதிதான் நுழைந்தது, நுழைந்த பாதி வெளியே வர மறுத்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரியது எங்கே, இது குட்டி போட்டதா என்று கேட்பார்கள். சின்னதை எடுத்தால் பிடிக்க முடியாது, பெரியதை எடுத்தால் நடக்க முடியாது. தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ளத் தோதான ஒன்றைத் தேடித் தேடித்தான் அந்த நடுத்தரப் பிஸ்டலை வாங்கியிருந்தார். அது மேசையில் குடல் சரிந்து கிடந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல், ஸ்பிரிங் இல்லாமலே அதை மாட்டிமுடித்தார்.

விரலை வைத்து அமுக்கினார். தூக்கிவாரிப் போட்டது. டிரிகர் வெண்ணெய் மாதிரி போனது. வெண்ணெய் கூட இல்லை, உருகின நெய். கடைசியில் வெட்கப்பட்டதுபோல் சின்னதாக ஒரு 'டிக்'. அவ்வளவுதான். தோட்டாவின் பின்பக்கத்தை ஊசி ஓங்கித் தட்ட வேண்டும், அதற்குத்தான் அந்த ஸ்பிரிங். இப்போது ஊசி தட்டாது, தடவிக் கொடுக்கும். இந்தத் துப்பாக்கியால் இனி ஒரு கொசுவைக்கூடப் பயமுறுத்த முடியாது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சர்ச்சில் நடந்த கடைசி அசம்பாவிதம், பாட்டுக் குழு ஒத்திகையில் ஒரு காளை புகுந்தது. அதையும் ஆர்கன் வாசிக்கிற அம்மாள் பாட்டுப் புத்தகத்தால் அடித்து விரட்டிவிட்டாள்.

பட்டறையில் பர்டெட் அந்தப் பிஸ்டலை வாங்கினார். காலியா என்று பார்த்தார், ஸ்கீட்டரும் பார்த்தான். பர்டெட் சுவரைக் குறிபார்த்து அமுக்கினார். அப்படியே நின்றார். இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"யாரு செஞ்சது இத?"

"நான்தான்," என்றார் வெண்டல். வேறு என்ன சொல்வது?

"வீட்டுலயேவா?"

"சமையல்கட்டுல."

துப்பாக்கி கைமாறிக் கைமாறி ஐந்து பேரிடமும் போய்வந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிப் பார்த்தார். இந்த மாதிரி டிரிகரை இந்த ஜில்லாவில் பார்த்ததில்லை என்றார் பர்டெட். தன்னுடையதுதான் இதுவரை நம்பர் ஒன் என்றிருந்ததாகவும், இனி அப்படிச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். அடுத்து அவர் வெண்டலின் தோளில் கைவைத்தார்.

"நாளைக்கு வாசக்கதவுல நான் நிக்கப்போறதில்ல. வெண்டல் நிக்கட்டும். எவனாவது வந்தா முதல்ல வெண்டலைத் தாண்டித்தான் உள்ள வரணும்."

வாசல் கதவு எப்போதும் பர்டெட்டின் இடம். யாருக்கும் விட்டுக்கொடுத்தவரில்லை. வெண்டல் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். ஸ்கீட்டர் அவர் முதுகில் ஓங்கித் தட்டி, எனக்கும் இதேபோல் பண்ணித் தாருங்கள் என்று தன் பிஸ்டலை நீட்டினான். எப்படிச் செய்தீர்கள் என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். உருளைக்கிழங்கு வேண்டும் என்றா சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை வெண்டல் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தாய்மார்கள் குழந்தைகளோடு அவரைத் தாண்டிப் போனார்கள். ஒரு சின்னப் பெண் அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பேரும் தன்னை நம்பி உள்ளே போகிறார்கள், தன் இடுப்பிலோ ஒரு இரும்புத் துண்டுதான் இருக்கிறது என்ற நினைப்பு அவரை அறுத்தது. ஆராதனை முடியட்டும், பர்டெட்டிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தார். எடுத்த அதே நிமிஷம் அந்த ஆள் வந்தான்.

ஊரில் யாரும் பார்த்திராத முகம். நல்ல உயரம். வெயில் கொளுத்துகிறது, ஆனால் தோளில் நீளமான கோட்டைப் போர்த்தியிருந்தான். வலது கை வெளியே தெரியவில்லை. கோட்டுக்கு உள்ளே எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

துப்பாக்கியை எடுப்பதில் அர்த்தமில்லை என்று இந்த உலகத்திலேயே வெண்டல் ஒருவருக்குத்தான் தெரியும். கைவசம் இருந்தது இன்ஷூரன்ஸ் ஏஜென்டின் வாய் மட்டும். இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு படியிறங்கி நேராக அவனிடம் போனார்.

"வாங்க வாங்க. எந்த ஊரு? சாப்டீங்களா? இன்னைக்கு இங்க விருந்து, இருந்து சாப்ட்டுத்தான் போகணும்."

அந்த ஆள் மிரண்டுபோனான். நெப்ராஸ்காவிலிருந்து வருகிற லாரி டிரைவராம். போன வாரம் கை ஒடிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது, கோட்டில் கை நுழையவில்லை, வழியில் எங்காவது ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னான். வெண்டல் அவனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, முன் பெஞ்சில் உட்காரவைத்தார். திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பர்டெட் கடைசி பெஞ்சில் கிசுகிசுத்தது வாசல்வரை கேட்டது. பாத்தியா, கை இடுப்புக்குப் போகவே இல்ல, அந்த டிரிகர் மேல அவ்வளவு நம்பிக்கை என்றார். மற்ற நாலு பேரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

இனி தனியாகச் சொல்லுவதும் நடக்காத காரியம் என்று வெண்டலுக்குத் தெரிந்துபோயிற்று.

விருந்து சர்ச்சின் பின்கூடத்தில். நீள மேசையில் வரிசையாகப் பாத்திரங்கள்: புகைபோட்ட மாட்டிறைச்சி, பீன்ஸ், சோளரொட்டி, வாழைப்பழப் புட்டிங். நடுவில் லூரீனின் சாலட். முதல் தட்டு போதகர் ஹாலிஸுடையது, அதுவும் எல்லாப் பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுப்பது அந்தச் சபையின் சம்பிரதாயம். ஹாலிஸ் மெலிந்த, அமைதியான மனிதர். சாப்பிடும்போது பேசமாட்டார். மீனில் முள் பார்க்கிறவர்போல மெல்ல மெல்ல, யோசித்து யோசித்துத்தான் மெல்லுவார். காவல் குழுவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்லி யாரும் கேட்டதில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தால் புன்னகை செய்வார், அவ்வளவுதான்.

வெண்டல் பாய்ந்து சாலட் கிண்ணத்தை எடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கெட்டுப்போயிருக்கும் என்று தோன்றுவதாக இழுத்தார். லூரீன் முகம் சிவந்தது. காலையில் செய்ததுபோல் இருக்கிறது என்று கிண்ணத்தைப் பிடுங்கி, போதகரின் தட்டில் இரண்டு கரண்டி வைத்தாள். ஒன்று வழக்கத்துக்கு, இன்னொன்று ரோஷத்துக்கு.

போதகர் உட்கார்ந்தார். மென்றார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். மறுபடி மென்றார். வெண்டல் தன் தட்டைத் தொடவில்லை. அதற்குள் பர்டெட் எழுந்து, கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டினார்.

"எல்லாரும் கேளுங்க. காவல் குழுவோட ஆறாவது ஆளு இன்னைலேர்ந்து நிரந்தரம். இனிமே வாசக்கதவு வெண்டல் கிரப்போடது."

எல்லாரும் கைதட்டினார்கள். அதே நேரத்தில் போதகர் மெல்லுவதை நிறுத்தினார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ எடுத்து, கைக்குட்டைக்குள் மடித்தார்.

வெண்டலால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார்.

"பாஸ்டர், அது என்னோடது. என் பிஸ்டலோட ஸ்பிரிங். நேத்து கழட்டறப்ப சாலட்டுல விழுந்துடுச்சு. அந்த டிரிகர் நான் செஞ்சதில்ல, ஸ்பிரிங் இல்லாததால அப்படிப் போகுது. அது சுடாது. காலைலேர்ந்து செத்த துப்பாக்கியோடதான் உங்களையெல்லாம் காவல் காத்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

கூடத்தில் கரண்டிகளெல்லாம் தட்டில் இறங்கின. லாரி டிரைவர் மட்டும், நடப்பது புரியாமல் சோளரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லூரீன் வாயில் கைவைத்துக்கொண்டாள். தன் சாலட்டுக்காகவா, புருஷனுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. நேற்று கலங்கிய கண் இப்போது வேறு விதமாகக் கலங்கியது.

போதகர் கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே இருந்தது ஒரு பச்சை வால்.

"இது ஆர்மடில்லோவோடது," என்றார் வெண்டல், செத்த குரலில். கேட்காமலே எல்லாவற்றையும் தானே கொட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பர்டெட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு நாள் முழுக்க இந்தச் சபையின் உயிரோடு விளையாடியிருக்கிறாய் என்றார். ஆயுதத்தைத் தெரியாதவனுக்கு ஆயுதம் எதற்கு என்றார். தான் கட்டி வளர்த்த குழுவுக்கு இந்த மாதிரி அவமானம் வந்ததே இல்லை என்று மேசையைக் குத்தினார். பீன்ஸ் பாத்திரம் எகிறிக் குதித்தது. மற்ற நாலு பேரும் வெண்டலைவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து நீ பழையபடி கார் நிறுத்தற இடத்துக்குப் போ. கொடி அங்கேயேதான் இருக்கு."

வெண்டல் தலைகுனிந்து உறையோடு பிஸ்டலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இடுப்பு லேசாக இருந்தது.

போதகர் ஹாலிஸ் எழுந்தார். தன் அறைக்குள் போனார். எல்லாரும் காத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய ஜாம் பாட்டில் இருந்தது. அதன் அடியில் என்னவோ மினுமினுத்தது. பர்டெட்டுக்கு எதிரே அதை வைத்து, மூடியைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து, முதல் கரண்டியிலேயே பல்லில் பட்ட வெண்டலின் ஸ்பிரிங்கை எடுத்து, அதற்குள் போட்டார். 'டிங்' என்றது.

"கோவப்படாதீங்க பர்டெட்," என்றார் போதகர். "இத்தனை வருஷ விருந்துல ஒவ்வொண்ணா கெடச்சு, இன்னைக்கு வெண்டலோடதும் வந்தாச்சு, இப்ப உங்க ஆறு பேரோடதும் எங்கிட்ட பத்திரமா இருக்கு."